கொழும்பில் ஐந்து நாள்: ஒரு கல், ஒரு சிம்மாசனம், ஒரு இறப்பர் மரம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வருகிறோம். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஐந்து நாள் நிற்போம். பிள்ளைகளுக்கு 10, 13 வயது. அப்பாவுக்கு 71, அதிகம் நடக்க மாட்டார். நூதனசாலை, பழைய மாளிகை, மரம் செடி பறவை பார்க்கக்கூடிய இடங்கள் சொல்லுங்கள். போன முறை நூதனசாலைக்குப் போய் முக்கால் மணித்தியாலத்திலேயே பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று அழத் தொடங்கிவிட்டார்கள்."

பிள்ளைகள் களைத்ததில் வியப்பில்லை. கொழும்பு தேசிய நூதனசாலையை முதல் கூடத்திலிருந்து கடைசிக் கூடம் வரை ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனால் பெரியவர்களுக்கே கால் கடுக்கும். ஊரிலிருந்து வரும் உறவினரை நான் இருபது வருடமாக அங்கே கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் நானும் எல்லாவற்றையும் காட்டத்தான் பார்த்தேன். இப்போது வேறு மாதிரிச் செய்கிறேன். உள்ளே போகுமுன்பே இரண்டு மூன்று பொருள்களை மட்டும் தெரிவு செய்துகொள்வோம். அவற்றின் முன்னால் நின்று நன்றாகப் பார்ப்போம். அப்புறம் அந்தப் பொருளின் கதை வெளியே எந்த இடத்துக்குப் போகிறதோ, அந்த இடத்துக்கு அடுத்த நாள் போவோம். நூதனசாலையும் மாளிகையும் சதுப்பு நிலமும் ஒரே கதையின் துண்டுகளாகிவிடும். பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

முதல் நாள் நூதனசாலைதான். கறுவாத்தோட்டத்தில், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடம் 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. முன்னால் சிலையாக நிற்கும் ஆளுநர் வில்லியம் கிரெகரிதான் அதைத் தொடங்கியவர். கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற கொழும்பு முஸ்லிம் ஒப்பந்தக்காரர். வேலை முடிந்ததும் என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை கொழும்பில் உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அந்த மனிதரின் கைத்திறன் உண்மை. கட்டடத்தையே முதல் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டு, வளவில் நிற்கும் பெரிய ஆலமரத்தின் கீழ் பத்து நிமிடம் இருந்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே முதலில் தேட வேண்டியது ஒரு பலகைக்கல். 1911இல் காலியில் ஒரு மதகின் மேல், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவர் செங் ஹே இங்கே கொண்டுவந்து நாட்டிய கல் அது. சீனாவிலேயே செதுக்கப்பட்டு, 1409ஆம் ஆண்டுத் திகதியோடு வந்தது. மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை செலுத்துகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. மூன்று பகுதியிலும் காணிக்கை ஏறக்குறைய ஒரே அளவுதான். தெனாவரை நாயினார் என்பது தெற்கே தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த திருமால். அந்தப் பெரிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துவிட்டார்கள். கல் மிஞ்சியிருக்கிறது.

நான் அந்தக் கல்லுக்கு முன்னால் எத்தனை தடவை நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் மனம் நிறைகிறது. இலங்கையின் தென்கரைக்கு வரும் ஒரு சீனத் தளபதி, அந்தத் துறைமுகங்களில் எந்த மொழியில் எழுதினால் வாசிப்பார்கள் என்று விசாரித்திருக்க வேண்டும், தமிழும் அந்தக் கல்லில் இடம்பெற்றிருக்கிறது. எழுத்து தேய்ந்திருப்பது உண்மைதான், ஆனாலும் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால் சில எழுத்துகள் பிடிபடும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, தெரிகிற தமிழ் எழுத்துகளை வரைந்து வரச் சொல்லுங்கள். கல்லைத் தொடக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அப்பாவை வெண்கலச் சிலைகளிடம் கூட்டிப் போங்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டவை. நடராசர் இருக்கிறார், சுந்தரமூர்த்தி நாயனாரும் இருக்கிறார். நம் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடிய சுந்தரர்தான், இளைஞராக நிற்கிறார். அந்த முகத்தில் இருக்கும் திகைப்பை வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. இந்தச் சிலைகளைப் பற்றி உலகுக்கு எழுதிச் சொன்னவர்களில் ஆனந்த குமாரசுவாமி முக்கியமானவர். அவர் கொழும்பில் பிறந்ததும் 1877இல்தான், நூதனசாலை திறந்த அதே ஆண்டு. பக்கத்து வீதிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு அரை மணித்தியாலம் தனியாக விட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது பொருள் கண்டி அரசர்களின் சிம்மாசனம். மரத்தின் மேல் பொன் தகடு போர்த்தி, கைப்பிடிகளில் சிங்கம் வைத்துச் செய்தது. 1693இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வன் ரீ, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கொடுத்த பரிசு. அதில் கடைசியாக அமர்ந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வழி அரசர். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் வின்ட்சர் அரண்மனையில் இருந்தது, 1934இல்தான் திரும்பி வந்தது. இருக்கை ஊர் திரும்பிவிட்டது, அதில் இருந்தவரின் சமாதி இன்றும் வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது.

அதே கட்டடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். அப்படிப் போனவற்றில் ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. வெள்ளியும் பொன்னும் இழைத்த, லெவ்கே திசாவை என்ற கண்டி மாகாண அதிபதியின் பெயரால் அறியப்படும் சிறு பீரங்கி அவற்றில் ஒன்று. முதலில் சிம்மாசனத்தைப் பரிசளித்தார்கள், 72 வருடம் கழித்துப் பீரங்கியை அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டையும் ஒரே பகலில் பார்த்தபோது என் மருமகள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, "அப்ப பரிசு குடுத்தது எதுக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லப் போய் வீடு வரும்வரை வணிகம், கறுவா, துறைமுகம் என்று கதைத்துக்கொண்டே வந்தோம்.

இவ்வளவும் இரண்டரை மணித்தியாலத்தில் முடியும். முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது, 1986இல் தனியாகப் பிரித்தது. மிருகங்களின் உருவங்கள் பழையனவாகிவிட்டன, ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் பூங்காவில் ஐஸ்கிறீம்.

இரண்டாம் நாள் அந்தக் கல்லின் கதையைத் தொடர்ந்து போகலாம். காணிக்கை செலுத்திய செங் ஹே, அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் இங்கே சண்டைக்கும் நின்றார். அழகக்கோனார் வழிவந்த ஆட்சியாளரைத் தோற்கடித்து, 1411இல் சீனாவுக்குச் சிறை கொண்டு போனார். அழகக்கோனார் என்றால் 14ஆம் நூற்றாண்டில் கோட்டே நகரத்தின் அரணைக் கட்டியவர். யாருக்கு எதிராகக் கட்டினார் தெரியுமா? உங்கள் ஊர் அரசருக்கு எதிராக. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படை இந்தப் பக்கம் வரை வந்து வரி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சதுப்பும் நீரும் சூழ்ந்த மேட்டைத் தெரிவு செய்து அவர் அரண் எழுப்பினார். அந்தச் சதுப்பின் ஒரு பகுதிதான் இன்றைய பெத்தகான ஈரநிலப் பூங்கா. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பக்கத்திலேயே பழைய கோட்டை மதிலின் எச்சங்களும் இருக்கின்றன.

காலை 7 மணிக்குள் அங்கே நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 9 மணிக்கு மேல் பறவைகள் ஒதுங்கிவிடும், வெயிலும் ஏறிவிடும். நீரின் மேலே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், சமதரை என்பதால் அப்பாவும் மெதுவாக நடக்கலாம், இடையிடையே இருக்க இடம் உண்டு. தாழைக்கோழி, மீன்கொத்தி, நாரை, நீர்க்காகம் கட்டாயம் கண்ணில் படும். பாதையை மறித்துக்கொண்டு கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் நின்றால் அதுவே எழுந்து போய்விடும். மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்புகளில் வாழ்கிறது. இரவில் உலாவும் விலங்கு என்பதால் பகலில் காண்பது அரிது. ஒரு தலைநகரத்தின் நடுவில் காட்டுப்பூனை மீன் பிடித்துத் தின்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். 2018இல் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற தகுதி கிடைத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. மழைவெள்ளத்தைத் தாங்கிப் பிடித்து நகரத்தைக் காப்பாற்றுவது இந்தச் சதுப்புகள்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஓரம் ஓரமாக மண் கொட்டி நிரப்புகிறார்கள். போகிறவர்கள் கூடினால்தான் இவை மிஞ்சும் என்று நம்புகிறேன்.

அங்கே இருந்துகொண்டு அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கட்டியம் கூறும்போது 'ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு' என்று வரும், கேட்டிருப்பார். கோட்டேயிலிருந்து போய் 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள், பின்பு இங்கே திரும்பி வந்து ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடினார். கட்டியத்தில் வருவது அவர்தான் என்று பலர் கொள்கிறார்கள். நல்லூரில் கேட்கும் பெயரோடு இந்தச் சதுப்பு நிலத்தில் நிற்கலாம். சிங்களவர் அவரைச் சபுமல் குமாரயா என்பார்கள்.

மூன்றாம் நாள் சிம்மாசனத்தைத் தொடருங்கள். அதைப் பரிசளித்த வன் ரீ வாழ்ந்த வீடு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இன்றும் நிற்கிறது. 1982இலிருந்து ஒல்லாந்தர் கால நூதனசாலை. தடித்த தூண்கள், உயர்ந்த கூரை, நடுவில் முற்றம். வெளியே தள்ளுவண்டியும் சுமை தூக்கும் நாட்டாமிகளின் சத்தமும், உள்ளே ஒரு கிணற்றடி அமைதி. பின்னாளில் ஆஸ்பத்திரியாகவும் தபாலகமாகவும் இருந்த கட்டடம் அது. திருத்த வேலைக்காக இடையிடையே மூடி வைப்பார்கள், ஆகவே புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் போன பயணம் வீணாகாது. செட்டியார் தெருவும், சிவப்பும் வெள்ளையும் கோடிட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலும் பக்கத்தில்தான். ஓட்டோ பிடித்துக் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும் போகலாம். பொன்னம்பலம் இராமநாதன் முழுக் கருங்கல்லில் எழுப்பிய கோயில் அது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் அந்தக் கல் மண்டபத்தில் இருந்தால் அப்பா எழுந்து வர மாட்டார்.

நான்காம், ஐந்தாம் நாட்களுக்கு இறப்பர். மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகக் கொஞ்சம். அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. அவற்றை நடுவதற்கென்றே கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவைத் திறந்தார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் கதை அந்த மண்ணில் தொடங்குகிறது. முதல் நாட்டிய மரம் 1988இல் சாய்ந்துவிட்டது, ஆனாலும் பழைய மரங்கள் நிற்கின்றன. பேராதனைப் பூங்கா மாதிரிக் கூட்டம் இராது, புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடலாம். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கம்பஹாவுக்கு ரயில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. அங்கே இறங்கி ஓட்டோ.

அந்தக் கன்றுகள் என்னவாயின என்பதைப் பார்க்க மறுநாள் தெற்கே போக வேண்டும். களுத்துறை மாவட்டம் முழுக்க இறப்பர் பரவியது. 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போடும் அளவுக்கு அது நாட்டின் சோறாகியது. அந்தப் பணத்தில் எழுந்த மாளிகைகளைப் பார்க்கும்போது, விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போன மலையகத் தமிழ்த் தொழிலாளர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். எந்த மாளிகையின் அறிவிப்புப் பலகையிலும் அவர்களைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் வாசித்ததில்லை. மரத்தில் சரிவாக வெட்டு விழுந்திருக்கும், கீழே சிரட்டை கட்டியிருக்கும். வழியில் நிறுத்தி அதைக் காட்டினாலே போதும்.

அந்தப் பக்கம் மூன்று இடங்கள் இருக்கின்றன. களுத்துறை பலாத்தொட்டயில் றிச்மண்ட் மாளிகை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய முதலியார் கட்டியது. இந்திய அரண்மனையும் ஆங்கில மாளிகையும் கலந்த கட்டடம், 42 ஏக்கர் காணி, மரச்செதுக்கு வேலை அபாரம். இப்படியான பிரபுக்கள் வீட்டைச் சிங்களத்தில் 'வளவ்வ' என்பார்கள். வீட்டைச் சுற்றிய காணியை நாம் வளவு என்கிறோமே, அந்தச் சொல் காதில் விழும். பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ வாவிக்கரையில் லுனுகங்கை, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1940களின் இறுதியில் வாங்கிய கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டம். ஐம்பது வருடம் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து பார்த்தால் தூரத்து விகாரையின் தாதுகோபம் தெரிய வேண்டும் என்று குன்றின் தலையையே தாழ்த்தினார். பேருவளைக்கு உள்ளே களவிலவில் ப்ரீஃப் தோட்டம், அவருடைய அண்ணன் பெவிஸ் பாவா 1929இலிருந்து வளர்த்தது. அதுவும் இறப்பர்க் காணிதான். அவர்களுடைய தகப்பன் வழக்கறிஞர். வழக்கறிஞர் எடுத்து நடத்தும் வழக்கை ஆங்கிலத்தில் 'ப்ரீஃப்' என்பார்கள், வழக்குப் பணத்தில் வாங்கிய காணி என்பதால் அந்தப் பெயர்.

ஒரே நாளில் மூன்றையும் பார்க்க ஓடாதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு என் தெரிவு ப்ரீஃப். லுனுகங்கை பெரிய படைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, அமைதியாக நடந்து பார்க்க வேண்டிய இடம். பிள்ளைகள் பெரியவர்களானதும் வரலாம். ப்ரீஃப் நெருக்கமான பசுமை. மூங்கில், பன்னம், பாசி பிடித்த சிலை, திடீரென்று திறக்கும் ஒரு வெளி. ஆறடி ஏழங்குல உயரமான மனிதர் தன் கையால் வளர்த்த தோட்டம் என்று சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு படியையும் அளந்து பார்ப்பார்கள். படிகள் உண்டு, அப்பா வீட்டு விறாந்தைப் பக்கம் இருக்கட்டும். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கள்.

நேரம் மிஞ்சினால் முத்துராஜவெல. நீர்கொழும்புப் பக்கம், சுமார் 3,000 ஹெக்டேயர் சதுப்பு. படகில் இரண்டு மணித்தியாலம் கண்டல் மரங்களுக்கு நடுவே போகலாம். படகு போகும் நேர்கால்வாயை எல்லோரும் ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள், ஆனால் ஹமில்டன் கால்வாய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெட்டியது. ஓவியத்தில் விருப்பமிருந்தால் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றம். '43 குழு' என்ற நவீன ஓவியர் கூட்டத்தைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, சுவரெல்லாம் அவர் நண்பர்களின் ஓவியங்கள். செண்பகப் பெருமாளின் அதே பெயர்தான். வாரத்தில் சில நாள் மட்டும், அதுவும் காலையில்தான் திறப்பார்கள்.

எங்கே போவதென்றாலும் முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள். இணையத்தில் போட்டிருந்த நேரத்தை நம்பி, வயதான அம்மாவோடு ஒரு பழைய மாளிகைக்கு இரண்டரை மணித்தியாலம் போய்ப் பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். போயா என்ற பௌர்ணமி விடுமுறையையும் மற்ற அரச விடுமுறையையும் கலண்டரில் பாருங்கள். அடையாள அட்டை எல்லோரும் வைத்திருங்கள், உள்ளூர்க் கட்டணம் மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட வந்தால் அவர்களுக்குப் பல மடங்கு கட்டணம் வரும், முன்பே சொல்லி வையுங்கள். அறிவிப்புப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தாலோ இல்லாவிட்டாலோ வருகையாளர் புத்தகத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு வாருங்கள். நான் எப்போதும் எழுதுகிறேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் கழித்துத் திருத்தியும் இருந்தார்கள்.

தெற்கே போகும் நாளில் வான் பிடிக்க வேண்டாம். காலை ரயிலில் அளுத்கமவுக்குப் போய் அங்கிருந்து ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள், காத்திருப்பதற்கும் சேர்த்து முன்பே விலை பேசுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் கையெட்டும் தூரத்தில் வரும். வரும்போது இடது பக்கம்.